விடுமுறைக்கு எங்கே போனாய்?

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'பள்ளிக்கு வெளியே கற்றல்' என்ற தலைப்பில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பெரிய தலைப்பு. அதற்குள் ஒரு சின்னக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் நம்மில் பெரும்பாலோர் வகுப்பில் கேட்கும் கேள்வி அது: “லீவுக்கு எங்கே போனீங்க?”

அன்போடு கேட்கும் கேள்விதான். இரண்டு மாதம் பார்க்காத பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுக்க வேறு என்ன கேட்பது? ஆனால் பதில் வரும் விதத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். நான்கைந்து கைகள் வேகமாக உயரும். ஊட்டி என்பான் ஒருவன். பிளாக் தண்டர் என்பாள் ஒருத்தி. மாமா வீட்டுக்குச் சென்னை போனோம், பீச் பார்த்தோம் என்பாள் இன்னொருத்தி. மீதி முப்பது பேர் மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பெயர் சொல்லிக் கேட்டால் எழுந்து நின்று, “நாங்க எங்கயும் போகலைங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

'எங்கயும் போகலை' என்ற அந்தப் பதிலைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அது பெரும்பாலும் உண்மை இல்லை. நம் கேள்விக்குப் பொருத்தமான பதில் தன்னிடம் இல்லை என்று அந்தக் குழந்தை முடிவு செய்துவிட்டது. அவ்வளவுதான்.

நம் பிள்ளைகளின் வீடுகள் நமக்குத் தெரியும். கோவையில் லேத் பட்டறை, பவுண்டரி, மில். திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனி. சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறி. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வேலை. அப்பாவுக்கு ஞாயிறு ஒருநாள் லீவு. ஆர்டர் அவசரம் என்றால் அதுவும் இருக்காது. அம்மாவுக்கோ ஞாயிற்றுக்கிழமையில்தான் வாரத் துணி முழுவதும் காத்திருக்கும். இந்த வீடுகளில் 'டூர்' என்பது திட்டம் போட்டுப் பணம் சேர்த்துப் போவது. சில வருடங்களில் நடக்கும், பல வருடங்களில் நடக்காது.

அதற்காக அந்தக் குழந்தைகள் எங்கும் போகாமல் இல்லை. அப்பாவோடு ஞாயிறு காலை கறிக்கடைக்குப் போகிறார்கள். ஆத்தாவோடு ரேஷன் கடை வரிசையில் நிற்கிறார்கள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாரச் சந்தைக்குப் போகிறார்கள். அம்மாயி வீட்டுக்குப் போய் ஒரு மாதம் இருக்கிறார்கள். குலதெய்வம் கோயில் கெடாவெட்டு, தம்பிக்கு மொட்டை, காதுகுத்து என்று டெம்போவில் நெருக்கி உட்கார்ந்து போய்வருகிறார்கள். இவையெல்லாம் 'போனது' என்ற கணக்கில் வராது என்று அவர்களுக்கு யார் சொன்னது? 'நான் சென்ற சுற்றுலா' என்ற கட்டுரைத் தலைப்புக்கு அதில் ஒரு பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

ஏழாம் வகுப்பில் ஒரு மாணவி அந்தத் தலைப்பில் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். ஊட்டி. பச்சைக் கம்பளம், மேகக் கூட்டம், மலர்க் கண்காட்சி எல்லாம் இருந்தன. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. கட்டுரை நோட்ஸில் இருக்கும் ஊட்டி அது. நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மதிய இடைவேளையில் நோட்டுகளை எடுத்துவரச் சொல்லும் சாக்கில், லீவில் தினமும் பொழுது எப்படிப் போச்சு கண்ணு என்று மட்டும் பேச்சுக் கொடுத்தேன். அம்மா கம்பெனிக்குப் போய்விடுவார், மூன்று வயதுத் தம்பியை அவள்தான் பார்த்துக்கொண்டாள். மத்தியானம் அவன் அழுதால் குளத்தங்கரைக்குத் தூக்கிக்கொண்டு போவாளாம். அங்கே ஒரு கறுப்புப் பறவை தண்ணீருக்குள் முங்கி எழுந்து, கட்டையில் உட்கார்ந்து, “துணி காயப்போடற மாதிரி ரெண்டு றெக்கையையும் விரிச்சு வெச்சிருக்குங்க. வாத்து ஏனுங்க அப்படிச் செய்ய மாட்டேங்குது?” என்று கேட்டாள்.

நண்பர்களே, இது ஓர் அறிவியல் கேள்வி. அவள் பார்த்தது நீர்க்காகம். வாத்து தன் வாலடியில் சுரக்கும் எண்ணெயை அலகால் இறகெல்லாம் தடவிக்கொள்கிறது. அதன் இறகில் தண்ணீர் ஒட்டாது, மிதக்கும். நீர்க்காகத்தின் வெளி இறகுகள் எளிதில் நனையும். அதனால் மிதப்பு குறைந்து, ஆழத்தில் மூழ்கி மீன் பிடிக்க வசதியாகிறது. பிறகு வெயிலில் காயவைத்தாக வேண்டும். இந்த ஒப்பீட்டை அந்தப் பெண் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே செய்திருக்கிறாள். ஆனால் அது கட்டுரைக்கு உரிய விஷயம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. இரவல் ஊட்டியை எழுதி மதிப்பெண் வாங்கிக்கொண்டாள். அவள் மனத்தில் என்ன பதியும்? நான் பார்த்தது எழுதத் தகுந்ததல்ல, பிறர் பார்த்ததுதான் தகுந்தது. நாம் கவலைப்பட வேண்டிய இடம் இதுதான்.

இன்னொரு குழந்தை. நான்காம் வகுப்பு, ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பம். இப்போது நம் பகுதிப் பள்ளிகளில் இப்படிப்பட்ட குழந்தைகள் இல்லாத வகுப்பு குறைவு. அவனும் எங்கேயும் போகவில்லை என்றுதான் சொன்னான். ஊருக்குப் போய்வந்தாயே என்றால், “அது ஊருங்க, டூர் இல்லீங்க” என்கிறான். ஆலப்புழையிலிருந்து கோவை, திருப்பூர், ஈரோடு வழியாக தன்பாத் வரை போகும் விரைவு ரயில் இருக்கிறதல்லவா, அதில் போய்வந்திருக்கிறான். தமிழ்நாடு, ஆந்திரம், ஒடிசா, ஜார்க்கண்ட். வழியில் கிருஷ்ணா, கோதாவரி. ராஜமுந்திரிப் பாலத்தைப் பற்றி, “பாலம் முடியவே முடியாதுங்க, அக்கா எண்ணிக்கிட்டே தூங்கிட்டா” என்றான். நம் சமூக அறிவியல் பாடத்தில் வரும் தீபகற்ப ஆறுகளில் இரண்டைக் கண்ணால் பார்த்த மாணவன் அந்த வகுப்பில் அவன் ஒருவன்தான். வரைபடத்தை மாட்டி அவனை முன்னால் நிறுத்தினால் அன்றைக்கு அவன்தான் ஆசிரியர்.

உங்களில் பலர் 'டோட்டோ-சான்' படித்திருப்பீர்கள். டெட்சுகோ குரோயாநாகி தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதிய புத்தகம். டோமோயி பள்ளியின் தலைமையாசிரியர் கோபயாஷி, மதிய உணவுக்கு என்ன கொண்டுவர வேண்டும் என்று பெற்றோருக்குப் பட்டியல் கொடுக்கவில்லை. கடலில் கிடைப்பது ஏதாவது ஒன்று, மலையில் விளைவது ஏதாவது ஒன்று இருந்தால் போதும் என்றார். விலை உயர்ந்த மீனும் கடல்தான், ஒரு துண்டுக் கருவாடும் கடல்தான். எந்தக் குழந்தையும் டப்பாவை மூடி மறைக்க வேண்டியதில்லை. ஏதாவது ஒன்று குறைந்தால் அவர் மனைவி இரண்டு பாத்திரங்களோடு வந்து குறைந்ததைப் பரிமாறிவிட்டுப் போவார்.

நம் கேள்வியையும் அப்படி மாற்றிக்கொள்ள முடியும். 'எங்கே போனாய்' என்பதற்குப் பதில் சொல்லப் பணம் வேண்டும். 'என்ன பார்த்தாய்' என்பதற்குக் கண் போதும். 'லீவில் முதல்முறையாக என்ன செய்தாய்', 'யாரோடு ரொம்ப நேரம் பேசினாய்', 'எந்தச் சத்தத்தைக் கேட்டு எழுந்தாய்' என்று கேட்டுப் பாருங்கள். முப்பது பேரும் கை தூக்குவார்கள். பதில் சொல்லத் தயங்கும் குழந்தைக்கு, அந்தக் கோபயாஷி வீட்டம்மா போல, நாம் ஒன்றைப் பரிமாற வேண்டும். 'நேத்து உங்க அப்பாகூட வண்டியில போனதைப் பார்த்தேனே, எங்கே போனீங்க?' என்ற அளவு போதும்.

சரி, இது வகுப்பறைக்குள். அடுத்தது வீடு.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வரும் பெற்றோரிடம் குழந்தைகளை வெளியே கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொன்னால், “அதுக்கு எங்கீங்க டீச்சர் காசு” என்பார்கள். நியாயமான கேள்வி. நாம் சொல்ல வேண்டியது, காசு குறைவாகச் செலவாகும் இடங்களை. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அரசுப் பேருந்துகளில் ஐந்து வயது வரை குழந்தைகளுக்கும் சீட்டு வேண்டாம். ஓர் அம்மா தன் சின்னக் குழந்தையோடு நகரப் பேருந்தில் காசில்லாமல் போய்வரலாம். வேலைக்குப் போக மட்டும்தான் அந்தப் பேருந்து என்று இல்லையே.

எங்கே போவது? கோவையைச் சுற்றி இருப்பவர்களுக்குக் குளங்கள் இருக்கின்றன. வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், பேரூர் வழியாக வந்து, கிளை வாய்க்கால்களால் குளம் குளமாக நிரப்பிக்கொண்டு போகும்படி நம் முன்னோர் அமைத்திருக்கிறார்கள். உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர்க் குளம் எல்லாம் அந்தச் சங்கிலியின் கண்ணிகள். பெரியகுளத்திலும் வாலாங்குளத்திலும் இப்போது நடைபாதை இருக்கிறது. ஒரு மாலை நேரம், ஒரு பொட்டலம் கடலை, அவ்வளவுதான் செலவு. கூழைக்கடா, நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி எல்லாம் அங்கேயே பார்க்கலாம். திருப்பூர்க்காரர்களுக்கு நஞ்சராயன் குளம். ஈரோட்டுக்காரர்களுக்கு வெள்ளோடு. வெள்ளோடு 2022-லும், நஞ்சராயன் குளம் 2024-லும் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. உலகமே முக்கியமானவை என்று ஏற்றுக்கொண்ட நீர்நிலைகள் நம் பிள்ளைகளின் டவுன் பஸ் தூரத்தில் இருக்கின்றன என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

ஆர்.எஸ். புரத்தில் காஸ் வன அருங்காட்சியகம் 1902-இலிருந்து இருக்கிறது. மர வகைகளின் மாதிரிகள், பதப்படுத்திய விலங்குகள், பறவைகள் என்று அரை நாள் பார்க்கலாம். வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்தில் பூச்சிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் 2018-இல் திறக்கப்பட்டது. வீட்டில் கரப்பான்பூச்சியைக் கண்டு அலறும் பிள்ளைகள் அங்கே கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். எந்த நாள், எந்த நேரம் திறந்திருக்கும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள். குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவதுபோல வருத்தம் வேறில்லை.

ஊட்டி ரயிலையும் சொல்ல வேண்டும். ஏறிப் போக இடம் கிடைப்பது சிரமம். ஆனால் மேட்டுப்பாளையத்தில் நின்று, அது காலை ஏழு மணியை ஒட்டிக் கிளம்புவதைப் பார்ப்பதே ஒரு பாடம். எஞ்சின் முன்னால் இருக்காது, பின்னால் இருந்து தள்ளும். ஏன் என்று குழந்தை கேட்கும். கேட்கட்டும். தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை, அதைக் கவ்விப் பிடிக்கும் பல்சக்கரம். 1899-இல் குன்னூர் வரை, 1908-இல் உதகை வரை ஓடத் தொடங்கிய இந்தப் பாதைக்கு 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்தது. கணக்கு ஆசிரியர்களுக்கு இதில் நிறைய இருக்கிறது. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து 326 மீட்டர், உதகை 2,203 மீட்டர். வித்தியாசம் 1,877. தூரம் 46 கிலோமீட்டர், ஏறுவதற்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம். சராசரி வேகம் என்ன? மிகச் செங்குத்தான இடத்தில் 12.5 மீட்டர் முன்னே போனால் 1 மீட்டர் உயரும். ஆறேகால் மீட்டர் நீளமுள்ள நம் வகுப்பறையில் அந்தச் சரிவை வைத்தால் கடைசிச் சுவரில் எவ்வளவு உயரம் வரும்? அரை மீட்டர். ஸ்கேலை வைத்து அளந்து காட்டுங்கள். மறக்க மாட்டார்கள்.

எங்கேயும் போக முடியாத வாரம் என்றால் சந்தை இருக்கிறது. எடை, விலை, பேரம், எந்தக் காய் எந்த ஊரிலிருந்து வருகிறது என்ற புவியியல், எல்லாம் அங்கே உண்டு. மீதிச் சில்லறையை எண்ணி வாங்கும் பொறுப்பைக் குழந்தையிடம் கொடுக்கும்படி பெற்றோரிடம் சொல்லுங்கள். எண்ணும் எழுத்தும் வகுப்பில் நாம் போலி நோட்டு வைத்துச் செய்வதை அங்கே அசல் நோட்டில் செய்வார்கள்.

ஆனால் ஒன்று. கூட்டிக்கொண்டு போனால் மட்டும் கற்றல் நடந்துவிடாது. பி.எட்.டில் ஜான் டூயியைப் படித்திருக்கிறோம். 1938-இல் அவர் எழுதிய 'அனுபவமும் கல்வியும்' நூலின் அடிப்படைக் கருத்துகளில் ஒன்று, எல்லா அனுபவமும் ஒரே அளவில் கல்வியாகிவிடாது என்பது. குளத்தங்கரையில் அப்பா ஒரு பக்கம் செல்போன், பையன் ஒரு பக்கம் செல்போன் என்றால் அது இடமாற்றம் மட்டுமே. பேச்சு வேண்டும். படிக்காத பெற்றோர் இந்த இடத்தில் தயங்குவார்கள். “எங்களுக்கு என்னங்க தெரியும், நாங்க என்னத்தைச் சொல்லிக் குடுக்கறது” என்பார்கள். அவர்களுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. எந்த மண்ணில் கடலை நன்றாக விளையும், வெள்ளாட்டுக்குச் சினை பிடித்ததை எப்படிக் கண்டுபிடிப்பது, தறியில் இழை அறுந்தால் சத்தத்தை வைத்தே எப்படித் தெரியும் என்று அவர்கள் பேசினால் போதும். கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், 'டீச்சர்கிட்டக் கேட்டுட்டு வந்து எனக்கும் சொல்லு' என்று சொல்லட்டும். அந்த ஒரு வாக்கியம் குழந்தைக்குக் கொடுக்கும் பெருமை அதிகம்.

இதெல்லாம் புதிய யோசனை இல்லை. கொங்கு நாட்டில் பொங்கலை ஒட்டிப் பூப்பறிக்கப் போவது நமக்குத் தெரியும். பெண்களும் பிள்ளைகளும் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, ஆற்றங்கரைக்கும் மலையடிவாரத்துக்கும் நடந்து போய், ஆவாரம்பூ பறித்து, கும்மி கொட்டி, சாப்பிட்டுத் திரும்புவார்கள். ஆடிப்பெருக்குக்குப் பேரூர் நொய்யல் கரைக்கும் பவானி கூடுதுறைக்கும் குடும்பம் குடும்பமாகப் போகும் வழக்கமும் உண்டு. செலவில்லாமல், ஊரோடு சேர்ந்து, குழந்தைகளோடு வெளியே போவது எப்படி என்பதை நம் ஆத்தாமார்களும் அம்மாயிமார்களும் கற்றுவைத்திருந்தார்கள். பெரியவர்களிடம் அதைக் கேட்டு எழுதிவரச் சொல்வதே ஒரு நல்ல செயல்திட்டம்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்லாமல் முடிக்கக் கூடாது. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் கிணற்றிலும் அணையிலும் குட்டையிலும் குழந்தைகள் மூழ்கிய செய்தியைப் படிக்கிறோம். விடுமுறை விடும் கடைசி நாளில், பெரியவர் துணையில்லாமல் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பதைக் கண்டிப்பாகச் சொல்லி அனுப்புவோம். ஒருவன் தவறி விழுந்தால் மற்றவன் குதிக்கக் கூடாது, சத்தம் போட்டு ஆளைக் கூப்பிட வேண்டும், துண்டோ கயிறோ குச்சியோ நீட்ட வேண்டும் என்பதையும் செய்து காட்டுவோம். நாமே பிள்ளைகளை வெளியே அழைத்துப் போகும்போது தலைமையாசிரியரின் அனுமதி, பெற்றோரின் சம்மதக் கடிதம், ஏறும்போதும் இறங்கும்போதும் தலை எண்ணுதல், குடிநீர், முதலுதவிப் பெட்டி, பெண் குழந்தைகளுக்குக் கழிப்பறை இருக்கிறதா என்ற விசாரிப்பு ஆகியவை கட்டாயம். சக்கர நாற்காலியில் வரும் மாணவன் வர முடியாத இடம் என்றால், இடத்தை மாற்றுவோம். அவனை விட்டுவிட்டுப் போவதைவிடக் கொஞ்சம் சாதாரணமான இடத்துக்கு எல்லோரும் சேர்ந்து போவது மேல்.

கடைசியாக மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று, வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் ஒரே ஒரு 'பார்த்துவா' கேள்வியைக் கரும்பலகையில் எழுதுங்கள். 'உங்கள் தெருவில் காலையில் முதலில் சத்தமிடும் பறவை எது?' 'நீங்கள் ஏறிய பேருந்தின் கடைசி நிறுத்தம் எது?' 'உங்கள் வீட்டுப் பெரியவர் சிறுவயதில் குளித்த ஆறோ கிணறோ இப்போது எப்படி இருக்கிறது?' இதற்கு எந்த வீட்டுக்கும் செலவு கிடையாது.

இரண்டு, திங்கட்கிழமை காலை ஐந்து நிமிடம் அதற்கு ஒதுக்குங்கள். வாரம் நான்கு பேர் பேசினால் ஒரு பருவத்துக்குள் வகுப்பு முழுவதும் பேசிவிடும். தமிழ் சரளமாக வராத குழந்தை படம் வரைந்து காட்டட்டும், அல்லது தன் மொழியில் சொல்லட்டும். பக்கத்தில் இருப்பவன் புரிந்துகொண்டு நமக்குச் சொல்வான்.

மூன்று, 'நான் சென்ற சுற்றுலா' கட்டுரையைத் திருத்தும்போது, மனப்பாடம் செய்த மலர்க் கண்காட்சிக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணைவிட, பிழையோடு எழுதிய ரேஷன் கடை வரிசைக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகக் கொடுங்கள். எழுத்துப் பிழையைப் பிறகு திருத்திவிடலாம். தான் பார்த்ததை எழுதலாம் என்ற துணிச்சலைப் பிறகு கொடுப்பது கடினம்.

நீர்க்காகத்தைப் பார்த்த அந்த மாணவி இப்போது எட்டாம் வகுப்பு. சென்ற மாதம் நோட்டில் ஒரு கேள்வியை எழுதி என்னிடம் நீட்டினாள். குளத்தில் ஆகாயத்தாமரை மூடிய பக்கத்தில் நீர்க்காகம் ஏன் வருவதில்லை? விடையை இன்னும் நான் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி, வகுப்போடு குளத்துக்குப் போவதாக இருக்கிறோம். உங்கள் பள்ளிக்குப் பக்கத்திலும் ஒரு குளமோ, வாய்க்காலோ, சந்தையோ இருக்கும். நடந்து போகும் தூரம்தான்.